நம்ம குடும்பம் குழு: தேவிக்குத் தைராய்டு

சனிக்கிழமை

தேவி, காலை 10:42
ரிப்போர்ட் வந்துவிட்டது. டிஎஸ்எச் 18.4. சாதாரண அளவு 0.4 முதல் 4 வரை என்று பக்கத்தில் போட்டிருக்கிறது. தைராய்டு ஹார்மோனான டி4 குறைவு. தைராய்டு போதுமான அளவு சுரக்கவில்லை என்றார் டாக்டர். தினம் 50 மைக்ரோகிராம் மாத்திரை, ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கணும்.

எண்ணூர் மாமா, 10:50
எல்லாம் இந்த பாக்கெட் உப்பால் வருவதுதான். வண்டியில் வரும் கல்லுப்பைத்தானே நாம் சாப்பிட்டு வளர்ந்தோம்? அதற்கே மாறச் சொல்லும்மா.

தண்டையார்பேட்டை சித்தி, 10:58
அண்ணா, தயவுசெய்து அப்படிச் சொல்லாதே. தைராய்டு ஹார்மோன் செய்வதற்கே அயோடின் வேண்டும். அது கிடைக்காத ஊர்களில் கழுத்து முன்னால் கழலை தொங்கும், குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சி குறையும். அதைத் தடுக்கத்தான் 1962-லேயே உப்பில் அயோடின் சேர்த்துக் கொடுக்க அரசு திட்டம் கொண்டுவந்தது. பால் கொடுக்கும் தாய்க்கு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் தேவை, மற்ற பெரியவர்களுக்கு 150. தேவி பாக்கெட் உப்பை விடக் கூடாது. டப்பாவை நன்றாக மூடி வை, ஈரம் பட்டால் அயோடின் போய்விடும்.

எண்ணூர் மாமா, 11:01
அப்போ வேறு எதனால் வந்தது?

தண்டையார்பேட்டை சித்தி, 11:09
அயோடின் போதுமான அளவு கிடைக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் வருவது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டை அந்நியம் என்று நினைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழிப்பதால். 1912-ல் ஹஷிமோட்டோ என்ற ஜப்பான் டாக்டர் இதை எழுதினார், அவர் பேரிலேயே சொல்கிறார்கள். பெண்களுக்குத்தான் அதிகம், குடும்பத்தில் ஒருத்தருக்கு இருந்தால் மற்றவர்களுக்கும் வரலாம். தைராய்டு ஆபரேஷன் செய்தவர்களுக்கும் வரும், லித்தியம் மாதிரி சில மாத்திரைகளாலும் வரும். தேவிக்குப் பிரசவமாகி ஏழு மாசம் ஆகிறது இல்லையா? பிரசவத்துக்கு அப்புறம் ஒரு வருஷத்துக்குள் இப்படி வருவது உண்டு. சிலருக்குத் தானாகவே சரியாகிவிடும், சிலருக்கு நிலைத்துவிடும். எதிர்ப்புச் சக்தி தைராய்டைத் தாக்குகிறதா என்று பார்க்கும் ஆன்டி டிபிஓ என்ற டெஸ்ட் எடுக்கணுமா என்று டாக்டரிடம் கேள்.

குமார், 11:14
சித்தி, தைராய்டு குறைவு என்கிறார்கள், ஆனால் நம்பர் அதிகமாக இருக்கிறதே?

தண்டையார்பேட்டை சித்தி, 11:20
நல்ல கேள்வி. அந்த நம்பர் தைராய்டு சுரப்பது இல்லை, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி அனுப்புவது. தெருவுக்குத் தண்ணி லாரி வரவில்லை என்றால் என்ன செய்வோம்? போன் மேல் போன் போடுவோம். டிஎஸ்எச் அந்த போன் மாதிரி. ஹார்மோன் வராததால் மூளை திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறது, நம்பர் ஏறுகிறது.

தேவி, 11:31
எனக்கு ஒன்று சொல்லணும். மே மாசம், வியாசர்பாடி வெயில், மேலே ஆஸ்பெஸ்டாஸ். குழந்தைக்கு வேர்க்கிறதே என்று ஃபேன் போட்டுவிட்டு நான் போர்வைக்குள் படுத்திருந்தேன். சீப்பை எடுத்தால் கொத்தாக முடி. குழந்தை அழும் சத்தம் கேட்கும், எழுந்திருக்கக் கால் வராது. நான் நல்ல அம்மா இல்லையோ என்று தினம் அழுதேன்.

கொருக்குப்பேட்டை அத்தை, 11:36
தேவி, பத்து மணி வரைக்கும் படுத்திருக்கிறாய் என்று போன ஞாயிறு நானே பேசிவிட்டேன். மனசில் வைத்துக்கொள்ளாதே கண்ணு. எனக்கும் நாலு வருஷமாக இதே தைராய்டு, உனக்கும் அதுதான் என்று எனக்கே தெரியாமல் போனதே.

தேவி, 11:38
பரவாயில்லை அத்தை. பால் கொடுக்கும்போது இந்த மாத்திரை போடலாமா சித்தி?

தண்டையார்பேட்டை சித்தி, 11:41
தாராளமாக. உடம்பே செய்யவேண்டிய ஹார்மோனைத்தான் வெளியிலிருந்து கொடுக்கிறோம். பயந்துகொண்டு நிறுத்திவிடாதே. அடுத்து எப்போதாவது கர்ப்பமானால் மட்டும் உடனே டாக்டரிடம் சொல், அப்போது அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். அக்கா, நீ உன் மாத்திரையை எப்படிப் போடுகிறாய்?

கொருக்குப்பேட்டை அத்தை, 11:44
காலையில் டீயோடு. கால்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போட்டுவிடுவேன். அப்போதுதான் மறந்துபோகாது. இரண்டு தடவை மாத்திரை அளவைக் கூட்டிவிட்டார்கள், டிஎஸ்எச் இன்னும் இறங்கவில்லை.

தண்டையார்பேட்டை சித்தி, 11:52
அக்கா, அதனால்தான் இறங்கவில்லை என்று நினைக்கிறேன். கால்சியமும் இரும்புச் சத்து மாத்திரையும் இதைக் குடலில் பிடித்துவைத்துக்கொள்ளும், ரத்தத்துக்கு விடாது. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போடு. டீ, டிபன் எல்லாம் ஒரு மணி நேரம் கழித்து. கால்சியம் நாலு மணி நேரம் தள்ளி, மதியச் சாப்பாட்டோடு போட்டுக்கொள். ஆனால் இப்படி மாற்றினால் மருந்து முழுசாக ஏறும், இப்போது போடுகிற அளவு உனக்கு அதிகமாகிவிடலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்று, ஆறு வாரத்தில் டெஸ்ட் எடு. நடுவில் படபடப்பு, கை நடுக்கம் வந்தால் காத்திருக்காதே.

தேவி, 11:55
எனக்கும் இரும்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் சித்தி. இரண்டையும் சேர்த்துப் போட இருந்தேன்.

தண்டையார்பேட்டை சித்தி, 11:56
தைராய்டு மாத்திரையைக் காலையில் போடு, இரும்பை ராத்திரி. குமார், நீ ஞாபகம் வைத்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை

கொருக்குப்பேட்டை அத்தை, காலை 5:24
நேற்று டாக்டரைப் பார்த்தேன். இந்த அளவிலேயே சரியாகப் போடச் சொல்லி, ஆறு வாரத்துக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தார். மாத்திரை டப்பாவைக் குடத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அடிபம்புக்குப் போகிறதுக்கு முன்னால் போட்டாச்சு. தேவி, எழுந்தாயா?

தேவி, 5:31
எழுந்தேன் அத்தை. தண்ணீர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். குழந்தை தூங்குகிறான்.