டெங்கு இல்லை, மலேரியா இல்லை, ஆறு நாளாகியும் அப்பாவுக்குக் காய்ச்சல் விடவில்லை. உண்ணிக் காய்ச்சலாக இருக்குமா?

போளூர்ப்பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் போளூர் பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு, மாத்திரை போடுகிறார். போன வியாழக்கிழமை சாயங்காலம் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு வந்தவர் உடம்பெல்லாம் வலிக்கிறது என்று படுத்தார், அன்று ராத்திரியே குளிர் எடுத்துக் காய்ச்சல். இன்றோடு ஆறு நாள். இங்கே ஒரு கிளினிக்கில் இரண்டு ஊசி போட்டு அமாக்சிசிலின் எழுதிக் கொடுத்தார்கள். பாராசிட்டமால் போட்டால் நாலு மணி நேரம் தணிகிறது, அப்புறம் மறுபடி 103. தலைவலி தாங்க முடியவில்லை என்கிறார், நேற்றிலிருந்து வறட்டு இருமலும் சேர்ந்துகொண்டது. ரத்தப் பரிசோதனையில் டெங்கு இல்லை, மலேரியா இல்லை, பிளேட்லெட் மட்டும் 96,000.

பக்கத்து வீட்டு அண்ணன் இது உண்ணிக் காய்ச்சலாக இருக்கும் என்கிறார். அதைக் கேட்டதும் சித்தப்பா, நாயை முதலில் எங்காவது கொண்டுபோய் விடு என்கிறார். ஒன்பது வருடமாக வீட்டில் இருக்கிற நாய். நிஜமாகவே நாயால் வருகிறதா? அம்மாவும் நானும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், எங்களுக்கும் ஒட்டிக்கொள்ளுமா? என்ன டெஸ்ட் எடுக்கச் சொல்ல வேண்டும்? தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

லேப்காரன்:

சகோதரி, இதைப் படித்ததும் முதல் வேலையாக அப்பாவின் உடம்பு முழுக்கத் தேடிப் பாருங்கள். சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்பாக ஒரு பொருக்கு, சுற்றிலும் லேசான சிவப்பு, அதுதான் நீங்கள் தேட வேண்டியது. வலிக்காது, அரிக்கவும் அரிக்காது, அதனால் இருக்கிறவருக்கே தெரியாது. அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, பிட்டம், காதுக்குப் பின்னால், பெண்களானால் மார்புக்கு அடியில் என்று யாரும் பார்க்காத இடமாகத்தான் இருக்கும். உங்களிடம் காட்டக் கூச்சப்படுவார், அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள், டார்ச் வைத்துப் பார்க்கட்டும். பொருக்கு கிடைக்கவில்லை என்பதால் இந்த நோய் இல்லை என்று ஆகிவிடாது, எல்லோருக்கும் அது வருவதில்லை. ஆனால் கிடைத்துவிட்டால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது.

டெஸ்ட்: உண்ணிக் காய்ச்சலுக்கு ஆங்கிலத்தில் ஸ்க்ரப் டைபஸ் என்று பெயர், அதற்கான ரத்தப் பரிசோதனையை 'ஸ்க்ரப் டைபஸ் ஐஜிஎம் எலைசா' என்று கேளுங்கள். சில இடங்களில் வெயில் ஃபெலிக்ஸ் என்ற பழைய பரிசோதனையை எடுப்பார்கள், அதை மட்டும் நம்ப முடியாது. எலைசாவும் காய்ச்சலின் முதல் நாலைந்து நாளில் நெகட்டிவாகக் காட்டலாம், உங்கள் அப்பாவுக்கு ஆறு நாள் ஆகிவிட்டதால் இப்போது எடுத்தால் தெரிய வாய்ப்பு அதிகம். பிளேட்லெட் குறைந்தாலே டெங்கு என்று நம் ஊரில் எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது, ஸ்க்ரப் டைபஸிலும் குறையும், கூடவே கல்லீரல் என்சைம்களும் ஏறும். டெங்கு நெகட்டிவ் என்று பேப்பரைக் கையில் வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய், நாலு நாள் கழித்து மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தவர்களை நான் வருடா வருடம் பார்க்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

நாயை எங்கேயும் விட வேண்டாம். 'உண்ணி' என்ற பெயரால் வந்த குழப்பம் இது. நாயின் காதில் கொட்டை மாதிரி உப்பி ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்த உண்ணி இல்லை. இது மண்ணில் வாழும் ஒரு பொடி உண்ணி, அதிலும் அதன் குஞ்சுதான் கடிக்கும், கால் மில்லிமீட்டர் அளவுதான், கண்ணுக்குப் படுவதே கஷ்டம். புதர், உயரமான புல், வரப்பு மாதிரி இடத்தில் காத்திருந்து எலி வந்தால் எலியில் ஏறும், மனிதன் வந்தால் மனிதன் மேல் ஏறும். அதன் உடம்பில் இருக்கும் ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்ற பாக்டீரியாதான் காய்ச்சலுக்குக் காரணம். அந்த பாக்டீரியா தாய் உண்ணியிலிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கே வந்துவிடுவதால், ஒரு புதரில் இது குடியேறினால் பல வருடம் அங்கேயே இருக்கும். நாய் உண்ணியால் வேறு வகை டைபஸ் காய்ச்சல் வருவதுண்டு, அதனால் நாய்க்கு உண்ணி மருந்து போட்டு வைப்பது எப்படியும் நல்லது.

இன்னொன்று, கடித்த பிறகு காய்ச்சல் வர 6 முதல் 21 நாள் வரை ஆகும். ஆகவே வியாழக்கிழமை அறுத்த புல்லால் வந்ததில்லை, அதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் எங்கே போனார் என்று கேளுங்கள், அந்த இடத்துக்கு மற்றவர்கள் போகாமல் இருக்கலாம்.

வார்டு_சிஸ்டர்:

மேலே அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனால் நான் அவசரத்தைப் பற்றிச் சொல்கிறேன் தங்கச்சி. 61 வயது, சர்க்கரை, ஆறு நாள் காய்ச்சல், அதோடு இப்போது இருமல். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், இன்றைக்கே உள்நோயாளி வசதி இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், அரசு மருத்துவமனையே போதும். இந்தக் காய்ச்சல் இரண்டாவது வாரத்தில்தான் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று கை வைக்கும். மூச்சு வாங்கினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கண் மஞ்சளானாலோ பஸ்ஸுக்கு நிற்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

அமாக்சிசிலின் கேட்காததில் ஆச்சரியம் இல்லை. இந்த பாக்டீரியா நம் செல்லுக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், அமாக்சிசிலின், செஃபிக்ஸிம் வகை மருந்துகள், ஊசியாகப் போடும் செஃப்ட்ரியாக்ஸோன் எதுவும் இதற்கு வேலை செய்யாது. டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் தான் மருந்து, கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். விலை அதிகமில்லாத மாத்திரைதான், சரியான நேரத்தில் ஆரம்பித்தால் பெரும்பாலானவர்களுக்கு 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கிவிடும். நிலைமை மோசமானவர்களுக்கு இரண்டையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுத்தால் ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் என்று 2023இல் வெளிவந்த ஆய்வு காட்டியது, அது வேலூர் சிஎம்சி முன்னின்று இந்தியாவில் ஏழு மருத்துவமனைகளில் சுமார் 800 நோயாளிகளிடம் செய்தது. நம் பக்கத்து நோய்க்கு நம் பக்கத்திலேயே கிடைத்த விடை.

இதைப் படித்துவிட்டு மெடிக்கலில் நீங்களே டாக்ஸிசைக்ளின் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். இருமல் வந்துவிட்டதால் நெஞ்சு எக்ஸ்ரே, ஆக்சிஜன் அளவு, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் டெஸ்ட் எல்லாம் பார்த்தாக வேண்டும். டாக்டரிடம் "புல் அறுக்கப் போகிறவர், மாடு வைத்திருக்கிறோம்" என்று நீங்களாகவே முதலில் சொல்லுங்கள், கூட்டத்தில் அவர் கேட்க மறக்கலாம். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு இது தொற்றாது, நீங்கள் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளலாம்.

நாட்டுமருந்து_நேசன்:

எங்கள் வீட்டில் எந்தக் காய்ச்சலுக்கும் நிலவேம்புக் குடிநீர் மூன்று நாள், அவ்வளவுதான். பிளேட்லெட்டுக்குப் பப்பாளி இலைச் சாறு கொடுங்கள் சகோதரி, ஆஸ்பத்திரி என்று பயப்பட வேண்டாம்.

கருவேலங்காடு:

அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள், நிலவேம்பு நானும் குடிக்கிறவன்தான். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்னால் கார்த்திகை மாதம் என் மனைவிக்கு இதே காய்ச்சல், இதே கஷாயத்தைக் கொடுத்துக்கொண்டு எட்டு நாள் வீட்டில் வைத்திருந்தேன். ஒன்பதாம் நாள் என்னையே யார் என்று கேட்டாள். ஐசியூவில் ஆறு நாள். அக்குளில் பொருக்கு இருந்ததை அங்கே ஒரு பயிற்சி டாக்டர் பெண்தான் கண்டுபிடித்தார், ஒரு மாத்திரையில் சரியாகியிருக்க வேண்டியதை நான் அந்த அளவுக்குக் கொண்டுபோனேன். கஷாயம் வேண்டுமானால் கூடவே குடிக்கட்டும், அதற்காக ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போட வேண்டாம் அண்ணே.

எங்களுக்கு எங்கே வந்தது என்று யோசித்துப் பார்த்ததில், நூறு நாள் வேலையில் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் ஏரிக்கரைப் புல்லில் உட்கார்ந்து, சாய்ந்து படுப்பார்கள். அப்புறம் துவைத்த துணியை வேலிப் புதர் மேல் காயப்போடும் பழக்கம். இரண்டையும் நிறுத்தினோம். இப்போது ஒரு பழைய தார்ப்பாய் கொண்டுபோகிறாள், உட்கார்ந்த பக்கத்தை உள்ளே வைத்து மடித்துக் கொண்டுவந்து வெயிலில் போடுகிறாள். புல் அறுக்கப் போனால் முழுக்கைச் சட்டை, வந்ததும் உடுத்தியதை வெந்நீரில் போட்டுவிட்டு சோப்பு போட்டுத் தேய்த்துக் குளியல். உண்ணிக் குஞ்சு ஏறியதும் கடித்துவிடாது, மெல்லிய தோல் தேடி ஊர்ந்துகொண்டிருக்கும் என்றார் எங்கள் சுகாதார ஆய்வாளர், அதனால் அந்தக் குளியல் ரொம்ப முக்கியம். வீட்டைச் சுற்றிப் புதரை வெட்டினோம், விறகு அடுக்கை வாசலிலிருந்து தள்ளி வைத்தோம், எலி வந்தால் கூடவே இதுவும் வரும். இதற்குத் தடுப்பூசி கிடையாது, இப்படித்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போளூர்ப்பொண்ணு:

நாலு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். அன்று ராத்திரியே அட்மிட் செய்துவிட்டோம். பொருக்கை அம்மாதான் கண்டுபிடித்தார், இடுப்பில், சரியாக அரைஞாண் கயிற்றுக்கு அடியில். கயிறு உரசிய புண் என்று அப்பா நினைத்துக்கொண்டிருந்தாராம். எலைசா முடிவு வருவதற்கு முன்பே டாக்டர் அதைப் பார்த்துவிட்டு டாக்ஸிசைக்ளின் ஆரம்பித்துவிட்டார், அப்புறம் முடிவும் பாசிட்டிவ். மறுநாள் ராத்திரிக்கு மேல் காய்ச்சல் வரவில்லை. நெஞ்சில் லேசாகச் சளி இருக்கிறது, ஆக்சிஜன் வைக்கத் தேவைப்படவில்லை. மாத்திரையை நிறையத் தண்ணீரோடு போட வேண்டும், போட்டதும் படுக்கக் கூடாது, ஏழு நாளும் விடாமல் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

லேப் அண்ணா கேட்கச் சொன்னதைக் கேட்டேன். காய்ச்சல் வருவதற்குப் பத்து நாள் முன்னால் ஏரிக்கு அந்தப் பக்கம் பாழடைந்த பம்புசெட் பக்கத்தில் நல்ல புல் இருக்கிறது என்று மூன்று நாள் தொடர்ந்து போயிருக்கிறார். கூடப் போனவர் எங்கள் சித்தப்பா. நேற்றிலிருந்து அவருக்கும் தலைவலியாம், இப்போது அவரைத்தான் கூட்டிக்கொண்டு கிளம்புகிறோம்.