நேவி கேப்டனும் ஆர்மி கேப்டனும் ஒண்ணு இல்லீங்க

எங்க மாமா நேவில கேப்டன். ஒரு ஃபங்ஷனுக்கு அவரையும் ஒரு ஆர்மி கர்னலையும் கெஸ்ட்டா கூப்பிட்டிருந்தாங்க. கர்னலுக்கு நடு சேர், மாமாவுக்கு ஓரத்துல. கேப்டன், மேஜர், லெஃப்டினன்ட் கர்னல், அப்புறம்தான் கர்னல், அதனால மூணு படி கீழன்னு யாரோ கணக்கு போட்டிருக்காங்க, ஆர்மிக்கு அது கரெக்ட்டுதான், ஆனா நேவி கேப்டன் கர்னலுக்கு நேர் சமம், ஏர்ஃபோர்ஸ்ல அதே ரேங்க் குரூப் கேப்டன். கர்னல் வந்தாரு, மாமா தோள்ல நாலு தங்கப் பட்டையப் பாத்தாரு, எந்த வருஷம் இந்த ரேங்குக்கு வந்தீங்கன்னு மட்டும் கேட்டாரு. மாமா சொன்ன வருஷம் முந்தினது. சமமான ரேங்க்னா முன்னாடி வந்தவர்தான் சீனியர், கர்னல் சிரிச்சுக்கிட்டே அவரே சேர் மாறி உக்காந்துட்டாரு. ஏற்பாடு பண்ணவங்களுக்கு கடைசி வரைக்கும் என்ன நடந்துச்சுன்னே புரியல 😄

*

நான் ஏர்ஃபோர்ஸ்ல சார்ஜென்ட்டா இருந்து வெளிய வந்தவன், ஆர்மில ஹவில்தார், நேவில பெட்டி ஆபீசர் மாதிரி. 2019ல அபிநந்தன் நியூஸ்ல வந்தப்ப சொந்தக்காரங்க எல்லாம் போன் போட்டு விங் கமாண்டர்னா ரொம்ப பெரிய ஆளா, ஜெனரல் மாதிரியான்னு ஒரே கேள்வி. லெஃப்டினன்ட் கர்னலுக்கு சமம், நேவில கமாண்டர்னு சொல்லி சொல்லி வாய் வலிச்சுது. அதுலயும் ஸ்குவாட்ரன் லீடர்னு ஒரு ரேங்க் இருக்கே, மேஜருக்கு சமம், ஆனா ஸ்குவாட்ரனை, அதாவது ஒரு விமானப் பிரிவை, நடத்துறது பெரும்பாலும் விங் கமாண்டரோ குரூப் கேப்டனோதான். இதை எங்க பெரியப்பா இன்னிக்கு வரைக்கும் நம்பல.

*

அண்ணே எங்க வீட்டு கதை வேற. அப்பா சுபேதார் மேஜர். அவர் தோள்லயும் சிங்க முத்திரை, மேஜர் தோள்லயும் அதே முத்திரை, ஒரே வித்தியாசம் அப்பாவுக்கு அதோட ஒரு கலர் ரிப்பன் பட்டை இருக்கும். தூரத்துல இருந்து பாக்கறவங்களுக்கு அது எங்க தெரியும், மேஜர் சார் மேஜர் சார்னு வந்து நிப்பாங்க. அப்பா ஜேசிஓ, அதாவது ஆபீசருக்கும் ஜவானுக்கும் நடுவுல இருக்குற வரிசை, அதுல அவரோடது உச்சி. ஏர்ஃபோர்ஸ்ல மாஸ்டர் வாரன்ட் ஆபீசர் அதுக்கு சமம். "மேஜருக்கு நான் சல்யூட் அடிக்கணும், ஆனா மேஜர் என்னை சாப்னுதான், அதாவது ஐயான்னு மரியாதையா, கூப்பிடணும்"னு அப்பா சொல்லுவாரு, அதுல ஒரு கெத்து இருக்கும்.

*

கப்பல்ல இன்னும் ஒரு கூத்து இருக்கு. சின்ன கப்பலை நடத்துறவர் லெஃப்டினன்ட் கமாண்டரா இருந்தாலும், அதாவது தோள்ல ரெண்டரை பட்டைதான், அந்த கப்பலுக்கு அவர்தான் கேப்டன். அது பதவி, ரேங்க் இல்ல.

*

ப்ரோ அப்ப சீக்கிரம் கேப்டன் ஆகணும்னா எதுல சேரணும்?

*

ஆர்மிதான் தம்பி, கமிஷன் ஆகி, அதாவது ஆபீசரா சேர்ந்து, 2 வருஷத்துல கேப்டன். நேவில அதே 2 வருஷத்துல லெஃப்டினன்ட்தான் ஆக முடியும், 13 வருஷத்துல கமாண்டர், அதுக்கு மேல கேப்டன் ஆக செலக்‌ஷன் போர்டு தாண்டணும், எல்லாரும் தாண்ட மாட்டாங்க. பேருக்காக சேர்றதுன்னா ஆர்மிக்கு படி, கடல் புடிச்சா நேவிக்கு படி.