மாடல் டி சைலன்சரைப் பழைய பாகங்களோடு கட்ட யோசனை வேண்டும்

என்னிடம் இருப்பது ஒரு ஃபோர்டு மாடல் டி (1908 முதல் 1927 வரை வந்த வண்டி). அதன் சைலன்சரை இறக்கி வைத்திருக்கிறேன். இரு முனைகளிலும் உள்ள வார்ப்பிரும்பு மூடிகள் கல்லு மாதிரி இருக்கின்றன. ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கும் தகட்டு உருளைகளில் வெளியே இருப்பதைத் துரு தின்று சல்லடையாக்கிவிட்டது. உள் உருளையில் ஓட்டை இருக்கலாம், புகை போகும் வழியே அதுதான். வெளியே இருக்கக் கூடாதே!

புது சைலன்சர் வாங்க மனம் வரவில்லை. பழைய மூடிகளையே வைத்துக் கட்ட ஆசை. வெளி உருளைக்கு எத்தனை கேஜ் (தடிமன் அளவு) தகடு போடலாம்? ஓரத்தை மடித்துச் சேர்ப்பதா, வெல்டிங்கா?

அப்புறம், இறுகிப்போன நட்டுகள். எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறவைத்தும் அசையவில்லை. சுத்தியலால் தட்டினால் வார்ப்பிரும்பு விரிசல் விடுமோ என்று பயம். சூடாக்கிக் கழற்றியவர்கள் இருக்கிறீர்களா? சைலன்சரின் மேலே சுற்றியிருப்பது ஆஸ்பெஸ்டாஸ் போலத் தெரிகிறது, அதன் தூசு மூச்சில் போனால் ஆபத்து, அதனால் சுரண்டாமல் விட்டிருக்கிறேன்.