படகுத்துறை தூணுல காங்கிரீட்டு பாளம் பாளமா விழுது, பூசினா நிக்குமா? அவசரம்

உவரிக்காத்து:
அண்ணாச்சிமாரே ஒரு உதவி. எங்க ஊரு படகுத்துறைல தூணு எல்லாம் வெடிச்சி காங்கிரீட்டு கொட்டுது, உள்ள கம்பி துருவேறி வெளிய தெரியுது. நேத்து மீன் ஏலம் நடக்கும்போது ஒரு பாளம் கீழ நின்ன வள்ளத்துல விழுந்துட்டு, நல்லவேளை வள்ளத்துல ஆளு இல்ல. கமிட்டில கொத்தனார வச்சி சிமெண்டு பூசிரலாம்னு சொல்லுதாங்க, ஞாயித்துக்கிழம வேல. பூசினா நிக்குமா நிக்காதா, சீக்கிரம் சொல்லுங்க.

நெல்லைசிவில்:
தம்பி, எப்ப கட்டுனது? வெடிப்பு நெட்டுக்க போகுதா குறுக்க போகுதா? தண்ணிக்கு மேலயா கீழயா? கம்பிக்கு மேல கவர், அதாவது கம்பிய மூடுன காங்கிரீட்டு, எவ்வளவு கனம்? இது தெரியாம யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.

கொத்தனார்மவன்:
கேக்கவே வேண்டாம், கடல் மண்ண அள்ளி கலவ போட்ருப்பாங்க. எஸ்ஆர்சி சிமெண்டு, அதான் சல்பேட்ட தாங்குற சிமெண்டு, வாங்கி கனமா பூசுங்க, சரியாப் போவும்.

தேரிக்காடு:
எனக்கென்னமோ அடியில மண்ணு அரிச்சி தூணு எறங்கிருக்கும்னு தோணுது. பக்கத்து ஊர்ல தூண்டில் வளைவு, அதான் கடலுக்குள்ள நீட்டி போடுற கல்லுச் சுவரு, போட்டாங்களா?

கடல்மேடை:
ஆளாளுக்கு ஒரு ஜோசியம். நான் எண்ணெய் மேடைலயே காலத்த கழிச்சவன். கடல்ல நிக்கிற எதுவா இருந்தாலும் மொதல்ல பாக்க வேண்டியது அலை அடிச்சி நனைஞ்சி காயுற அந்த இடத்த. அது கூட தெரியாம சிமெண்டு பேரு சொல்ல வந்துட்டீங்க. கேள்வி கேட்டவரு ஒழுங்கா வெவரம் போடட்டும், பொறவு பேசுவோம்.

உவரிக்காத்து:
மன்னிக்கணும், கடலுக்கு போயிட்டு இப்பதான் வாரேன். சுனாமிக்கு பொறவு கட்டுனது. வெடிப்பு நெட்டுக்க, கம்பி போற வாக்குலயே போகுது, துருக்கறை வழியுது. தண்ணி மட்டத்துல இருந்து ஒரு ஆள் ஒசரம் வரைக்கும்தான், முங்கி பாத்தோம், தண்ணிக்குள்ள தூணு நல்லாத்தான் இருக்கு. விழுந்த பாளத்த அளந்தா ஒன்றரை இஞ்சி கூட இல்ல. படகு கட்ட ஒரு தூண கொத்தி கம்பியோட கொக்கி வெல்டு வச்சிருக்கோம், அந்த தூணுதான் ரொம்ப மோசம்.

நெல்லைசிவில்:
இப்ப வெளங்குது. இது மண்ணு அரிப்பு இல்ல, தூணு எறங்கிருந்தா மேல தளமும் ஒருச்சாஞ்சி காட்டிக்கொடுத்துரும். உப்பு கம்பிய எட்டிட்டு, அதான். காங்கிரீட்டுக்குள்ள சிமெண்டோட காரத்தன்மை இருக்க வரைக்கும் கம்பி மேல ஒரு மெல்லிசு படலம் காவல் நிக்கும், உப்புல உள்ள குளோரைடு போயி அத ஒடைச்சிரும். துரு வந்து இரும்ப விட ரெண்டு மடங்குல இருந்து ஆறு மடங்கு வரைக்கும் எடம் கேக்கும், செம்புக்குள்ள ஊறுன கொண்டக்கடல மாதிரி உள்ளருந்து நெருக்கும், அதான் நெட்டுக்க வெடிக்கி. எப்பவும் தண்ணிக்குள்ள கெடக்க பகுதில காத்து கம்மி, துரு மெதுவாத்தான் ஏறும். அலை தெறிக்கிற எடத்துல உப்பு, ஈரம், காத்து மூணும் இருக்கு. காங்கிரீட்டுக்கான இந்திய தரவிதி ஐஎஸ் 456 படி ஓதம் ஏறி எறங்குற பகுதிக்கு கவர் 75 மில்லி, எம்40ங்கிற பலத்துல காங்கிரீட்டு, தண்ணி சிமெண்டு விகிதம் 0.40க்கு மேல போகக்கூடாது. ஒங்களுக்கு அதுல பாதி கவர் இருக்கு அவ்வளவுதான்.

கொத்தனார்மவன்:
அப்ப எஸ்ஆர்சி சரிதான? கடலுக்குன்னே விக்கிறாங்களே.

நெல்லைசிவில்:
அது சல்பேட்டுக்கு. அதுல சி3ஏங்கிற சிமெண்டு சேர்மம் கம்மி, குளோரைட கொஞ்சமாவது கட்டிப்போடுறது அந்த சி3ஏதான். கம்பி உள்ள எடத்துக்கு இரும்பாலை கசடு கலந்த ஸ்லாக் சிமெண்டு போடுங்க.

கடல்மேடை:
இத நான் சொன்னா கோவம் வரும். கொக்கி வெல்டு வச்சோம்னு சாதாரணமா சொல்லுதாரு பாருங்க. 1980 மார்ச் 27 நார்வே பக்கம் வடகடல்ல அலெக்சாண்டர் கீலண்டுன்னு ஆளுங்க தங்குற மேடை கவுந்துச்சி, 212 பேர்ல 123 பேரு போயிட்டாங்க. காரணம் என்ன, தண்ணிக்குள்ள சத்தம் கேக்குற ஹைட்ரோஃபோன் கருவி மாட்ட வச்ச ஒரு சின்ன துண்டோட வெல்டு, 6 மில்லி. வெடிப்புக்குள்ள பெயிண்ட் இருந்துச்சி, அப்ப மேடைய கட்டுன யார்டுலயே வெடிச்சிருக்கு, யாரும் பாக்கல. கடல்ல சின்ன வேலைன்னு ஒண்ணு கெடையாது தம்பி.

தேரிக்காடு:
அது இரும்பு மேடை, அலை அடிச்சி அடிச்சி களைச்சி ஒடஞ்சது, இது காங்கிரீட்டு. ரெண்டும் ஒண்ணா? நான் கேட்ட தூண்டில் வளைவுக்கு யாரும் பதில் சொல்லல. கல்லு போட்டா ஒரு பக்கம் மண்ணு சேரும் மறுபக்கம் கரைய கடல் தின்னும், எங்க ஊர்ல வீடு வரைக்கும் வந்துட்டு.

கொத்தனார்மவன்:
கல்லு போடலைன்னா எங்க ஊரே இருந்திருக்காது வே. கச்சான் காலத்துல வந்து பாத்துட்டு பேசும்.

தேரிக்காடு:
ஒங்க ஊரு தப்பிக்க எங்க ஊரு போகணுமா?

நெல்லைசிவில்:
அதுக்கு தனி இழை போடுங்க ரெண்டு பேரும், ஞாயித்துக்கிழமைக்குள்ள இவருக்கு பதில் வேணும். தம்பி, வெறும் பூச்சு போடாதீங்க, அது இப்ப இருக்கதுக்கு மேல கேடு. புதுசா பூசுன எடத்துல கம்பி பாதுகாப்பா இருக்கும், பூச்ச ஒட்டி உப்பு ஏறுன பழைய காங்கிரீட்டுல இருக்க கம்பி வேகமா துருப்பிடிக்கும், பூச்சுக்கு மேலயும் கீழயும் புதுசா வெடிக்கும். மொதல்ல தளத்துக்கு முட்டு குடுங்க, கீழ வள்ளம் கட்டாதீங்க, மேல ஐஸ் லாரி ஏற விடாதீங்க. பொறவு சுத்தியலால தட்டி டொப்புன்னு கேக்குற எடம் எல்லாம் சாக்பீஸ்ல குறிச்சி, ஆஃப் செல் டெஸ்ட், அதாவது கம்பியோட மின்னழுத்தத்த அளந்து துரு பாக்குற சோதனை, பண்ணச் சொல்லுங்க. காப்பர் சல்பேட் எலக்ட்ரோடுல மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கு கீழ போச்சின்னா வெடிக்காத எடத்துலயும் உள்ள துரு ஓடுதுன்னு எடுத்துக்கிடலாம். காரைக்குடி சிக்ரி, அதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அங்க இதுக்குன்னே ஆளு இருக்காங்க. வேலைன்னு வந்தா கம்பிக்கு பின்னால ஒரு இஞ்சி வரை கொத்தி எடுத்து, நல்ல தண்ணில கழுவி, கம்பி தேஞ்சிருந்தா புதுக்கம்பி சேத்து, கம்பிக்கு பதிலா தான் அரிஞ்சி போற துத்தநாக ஆனோடு கட்டி, பொடிசா கல்லு போட்டு எளிதா ஓடுற மைக்ரோ காங்கிரீட்டு ஊத்தி கவர் கூட்டணும். முட்டு குடுக்காம கொத்த விட்டுறாதீங்க, தளம் எறங்கிரும்.

உவரிக்காத்து:
பூச்சு வேலைய நிறுத்தியாச்சு. முட்டு குடுத்தாச்சு, கொக்கில கயிறு கட்டல. டெஸ்ட்டுக்கு கமிட்டில எழுதி கேட்ருக்கோம்.

கடல்மேடை:
கொக்கி உள்ள தூண மொதல்ல டெஸ்ட் பண்ணச் சொல்லும்.