ஏற்காடு பஸ்ஸில் ஒரு குறள்

எங்களுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சின்ன வெள்ளிப் பட்டறை. அப்பா கொலுசு செய்வார், நானும் தம்பியும் கூட நிற்போம். வெள்ளி விலை ஏற ஏற, வேலை கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையை இழுத்துக்கொண்டார்கள். ஒருநாள் அப்பா பற்றவைக்க நெருப்பு ஊதும் ஊதுகுழலைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்தார். அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தெரிந்தவர் மூலமாக எனக்கு ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. தினமும் காலையில் பஸ், 20 கொண்டை ஊசி வளைவு, மேலே ஒண்டிக்கடை நிறுத்தத்தில் இறங்கி நடை.

முதல் இரண்டு மாதம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தும் மலையைப் பார்த்ததே இல்லை. கடன் கணக்குத்தான் மனதுக்குள் ஓடும். அரசு பஸ்ஸில் குறள் எழுதியிருப்பது நம் எல்லோருக்கும் தெரியும், நின்று படிக்கிறவர்கள் குறைவு. நான் போகும் பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்தது இது:

மடுத்தவா யெல்லாம் பகடன்னான் உற்ற
இடுக்கண் இடர்ப்பாடு உடைத்து.

அன்று அடிவாரத்தில் கூடையோடு ஏறிய ஓர் ஆயா பக்கத்தில் உட்கார்ந்தார். "அதுல என்ன கண்ணு எழுதியிருக்கு?" என்று கேட்டார். படித்துக் காட்டினேன். பகடு என்றால் எருது, தடுக்கிற இடத்தில் எல்லாம் விடாமல் வண்டி இழுக்கும் எருதைப் போல இருக்கிறவனிடம் வந்த துன்பம்தான் துன்பப்படும் என்று தெரிந்த மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மேட்டுல வண்டி மாட்டிக்கிட்டா மாடு சும்மா நிக்காது கண்ணு. மூக்கைத் தரையில ஊனிக்கும். முட்டி போட்டு நகரும். நான் பாத்திருக்கேன்" என்றார். சொல்லும்போதே கையை மடக்கித் தன் முழங்கால்மேல் வைத்து அழுத்திக் காட்டினார். காபிப் பழம் பறித்துப் பறித்து விரல் இடுக்கெல்லாம் கறுத்திருந்தது. பஸ் அப்போது ஒரு வளைவில் முதல் கியரில் முனகிக்கொண்டிருந்தது.

அந்த வாரமே உரையோடு ஒரு திருக்குறள் வாங்கினேன். இந்தக் குறளுக்குப் பரிமேலழகர் உரையில் 'மூக்கூன்றியும் தாள் தவழ்ந்தும்' என்று இருக்கிறது. தாள் என்றால் கால். எழுத்துத் தெரியாத ஆயா சொன்ன அதே மூக்கு, அதே முழங்கால். உடம்பு சிலிர்த்துவிட்டது.

அன்றிலிருந்து நாளுக்கு ஒரு குறள். ஒன்றே ஒன்று. 1330 குறளும் முடிய மூன்றரை வருஷத்துக்கு மேல் ஆகும், ஆகட்டும். முன்பெல்லாம் செல்போனில் வரும் ஊக்க வாசகங்களை வரிசையாகத் தள்ளித் தள்ளிப் படிப்பேன், ஒண்டிக்கடை வருவதற்குள் ஒன்றுகூட நினைவில் இருக்காது. ஒரே குறளை மலை ஏறும் நேரம் முழுக்க அசைபோட்டால், சாயங்காலம் பழம் எடை போடும்போதும் அது கூடவே இருக்கிறது. கடன் ஒன்றும் மாயமாகக் குறைந்துவிடவில்லை. ஆனால் கடன் கொடுத்தவரின் போனை எடுத்து, "மாசம் இவ்வளவுதாங்க முடியும்" என்று நேராகச் சொல்லும் தெம்பு வந்தது. அதுவரை அந்த நம்பரைக் கண்டாலே போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

இதைப் படித்துவிட்டு அம்மாபேட்டையிலிருந்து ஒரு சகோதரி எழுதியது:

அண்ணா, எங்கள் வீட்டில் தறிக்குப் பக்கத்துச் சுவரில் தினசரி காலண்டர். தாளைக் கிழித்ததும் மாமியார் ராகு காலம் பார்ப்பார், நான் பொன்மொழியைப் பார்ப்பேன். வீட்டுக்காரர் கால் முறிந்து படுத்திருந்த நாலு மாசமும் விடாமல் படித்தேன். உண்மையைச் சொல்கிறேன், சில நாள் எரிச்சல்தான் வரும். கவலைப்படாதே என்று அச்சடித்தவருக்கு என் வீட்டு அடுப்பைப் பற்றி என்ன தெரியும் என்று ஒருநாள் கசக்கி எறிந்தேன். அது கட்டில் ஓரம் போய் விழுந்தது. அவரே எடுத்து, நீவி, படுத்தபடியே எனக்குப் படித்துக் காட்டினார். அன்றிலிருந்து படிக்கிற வேலை அவருடையது. தறிச் சத்தத்தில் பாதி காதில் விழாது, இன்னொரு தடவை சத்தமாகப் படிக்கச் சொல்வேன். இப்போது நடக்கிறார். காலண்டர் கிழிக்கிற வேலையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

அவருக்கு நான் எழுதிய பதில்:

தங்கச்சி, எனக்கும் அப்படி எரிச்சல் வந்த நாள் உண்டு. அன்று புத்தகத்தை மூடிவிட்டு மறுநாள் அதே குறளைத் திரும்ப எடுப்பேன். அப்பா போன மாதம் ஊதுகுழலை வெளியே எடுத்தார், பழைய கொலுசு பழுது பார்க்க. ஆயாவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: மகளைப் பார்க்க அடிவாரம் வந்தால் இந்த பஸ்ஸில்தான் திரும்புவார், ஏறியதும் "இன்னிக்கு என்ன கண்ணு?" என்பார். நவம்பரில் பழம் எடுப்பு தொடங்கினால் அடிக்கடி பார்க்கலாம். அதற்குள், அந்த பஸ் குறள் வரும் இடுக்கண் அழியாமை அதிகாரத்தின் 10 குறளையும் பார்க்காமல் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். 6 முடிந்தது.