கடலை மிட்டாய் உடையாமல் ரப்பர் மாதிரி இழுக்கிறது, அவசரம்

அல்லிக்குளம் (செவ்வாய், இரவு 9.10)
எல்லோருக்கும் வணக்கம். இன்று கடலை மிட்டாய் செய்தேன். சொன்னபடி எல்லாம் செய்தும் உடைய மாட்டேன் என்கிறது. பல்லில் ஒட்டுகிறது, ஒரு துண்டை எடுத்தால் பக்கத்துத் துண்டும் கூடவே எழுந்து வருகிறது. வியாழன் காலை மகள் பள்ளியில் உணவுத் திருவிழா, 60 துண்டு தருகிறேன் என்று வீறாப்பாகப் பேர் கொடுத்துவிட்டேன். என்ன தப்பு என்று யாராவது சீக்கிரம் சொல்லுங்கள். கடலை நல்ல கடலைதான்.

மிளகுத்தூக்கு (இரவு 9.16)
எந்த வெல்லம்? எவ்வளவு? தண்ணீர் எவ்வளவு விட்டீர்கள்? "சொன்னபடி" என்றால் யார் சொன்னபடி?

கரிசல்காரன் (இரவு 9.21)
வெல்லம்தான் சகோதரி, வேறு ஒன்றுமே இல்லை. பொங்கலுக்குப் போடுகிற பிசுபிசு மண்டை வெல்லத்தில் மிட்டாய் செய்தால் இப்படித்தான் இழுக்கும். மளிகைக் கடையில் போய் "பாகு வெல்லம்" என்று வாய்விட்டுக் கேட்டு வாங்குங்கள். எங்கள் கோவில்பட்டிப் பக்கம் மிட்டாய் போடுகிறவர்கள் வெல்லத்தைக் கையில் உடைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார்கள், இது ஆகும், இது ஆகாது என்று.

பழைய_கரண்டி (இரவு 9.30)
இந்தக் கேள்வி இங்கே வருவது எத்தனையாவது முறை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். கடலை மிட்டாய் என்பது பாகு. பாகு தெரியாமல் அடுப்பைப் பற்றவைத்தால் ரப்பர்தான் வரும். இப்போதெல்லாம் ஒரு நிமிடக் காணொளியைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள், பார்த்துச் செய்யப் பெரியவர்கள் யாரும் வீட்டில் இல்லை போலும். பழைய இழைகளைத் தேடிப் படியுங்கள்.

சேமியா_சிங்கப்பூர் (இரவு 9.38)
கரண்டி அண்ணா, பாவம், அவசரம் என்கிறார், தேடவா சொல்வது?
அல்லி, ஒன்றே ஒன்று சொல்லுங்கள். ஆறின உடனேயே இப்படி இருந்ததா, இல்லை முதலில் நன்றாக உடைந்து அப்புறம் நமத்துப் போனதா? இரண்டும் வேறு வேறு வியாதி, மருந்தும் வேறு.

அல்லிக்குளம் (இரவு 9.45)
வெல்லம் கடையில் வாங்கினது. கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், கண்ணளவுதான். கடலை அரை கிலோ, வறுத்துத் தோல் நீக்கிப் புடைத்தது. வெல்லம் கரையத் தண்ணீர் விட்டு, மண் போக வடிகட்டி, பாகு வந்ததும் கடலையைக் கொட்டிக் கிளறி, நெய் தடவின தட்டில் பரப்பிப் பூரிக்கட்டையால் தேய்த்தேன். ஆறினதிலிருந்தே இப்படித்தான்.

மிளகுத்தூக்கு (இரவு 9.48)
"பாகு வந்ததும்" என்றால் எந்தப் பாகு அம்மா? பாகில் பத்து இருக்கிறதே.

அல்லிக்குளம் (இரவு 9.55)
கம்பிப் பதம். இரண்டு விரலுக்கு நடுவில் அழகாகக் கம்பி வந்தது. நுரைத்துப் பொங்கவும் செய்தது, கரிந்துவிடப் போகிறதே என்று பயந்து இறக்கிவிட்டேன்.

பழைய_கரண்டி (இரவு 9.57)
நான் சொன்னேன்.

ரசவாதி (இரவு 10.08)
சொன்னீர்கள் ஐயா, ஆனால் எப்படிச் சரிசெய்வது என்று சொல்லவில்லை.

கம்பிப் பதம் என்பது 110 டிகிரியை ஒட்டி. அப்போது பாகில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டத் தண்ணீர் இன்னும் மிச்சம் இருக்கும். குலாப் ஜாமூனுக்குச் சரி, மிட்டாய்க்குப் பாதி வழிகூட இல்லை. தண்ணீரில் விட்டால் மென்மையாக உருட்ட வருவது அடுத்த பதம். கெட்டியாக உருண்டு, தட்டில் போட்டால் "டங்" என்று சத்தம் கொடுப்பது அதற்கும் அடுத்தது, கடலை உருண்டை பிடிக்க அது போதும். துண்டு போட்டு உடைக்கிற மிட்டாய்க்கு அதையும் தாண்டிப் போக வேண்டும். கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்துக்கொண்டு ஒரு சொட்டு விடுங்கள், எடுத்து மடக்கினால் வளையாமல் கண்ணாடிச் சில்லு போல "டிக்" என்று முறிய வேண்டும். சர்க்கரைக் கணக்கில் அது 149 முதல் 154 டிகிரி, தண்ணீர் 1 சதவீதம்தான் இருக்கும். வெல்லத்துக்கு முன்பின் இருக்கும், அவ்வளவு தூரம் போவதற்குள் அடிபிடிக்கவும் பார்க்கும், அதனால் கடைசிக் கட்டத்தில் தீயைக் குறைத்துவிட்டுக் கை எடுக்காமல் கிளறுங்கள். நுரை பொங்குவது தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். அதைப் பார்த்து யாரும் இறக்கக் கூடாது.

சேமியா_சிங்கப்பூர் (இரவு 10.15)
எந்த ஊர் அல்லி நீங்கள்? அங்கே மழையா?

அல்லிக்குளம் (இரவு 10.22)
நாகப்பட்டினம். மூன்று நாளாக விடாமல் கொட்டுகிறது, துணிகூடக் காயவில்லை. தட்டை ஜன்னல் ஓரமாக வைத்துத்தான் ஆற வைத்தேன், காற்று வரட்டும் என்று.

சேமியா_சிங்கப்பூர் (இரவு 10.27)
அடடா, ஐப்பசி மழையில் கடலோரத்தில் ஜன்னல் ஓரமா! வெல்லம் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். இங்கே வருஷம் முழுக்க ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டேதான் இருக்கிறது, அதனால் எனக்கு இது மனப்பாடம். ஏசி அறை இருந்தால் அதில் ஆற வையுங்கள், இல்லாவிட்டால் எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு ஃபேனுக்கு அடியில் வையுங்கள். கை பொறுக்கிற சூட்டிலேயே கோடு போட்டுவிட்டு, ஆறின அடுத்த நிமிடமே சம்படத்தில் போட்டு மூடுங்கள், அடுக்குக்கு நடுவில் வெண்ணெய்க் காகிதம். ஃபிரிட்ஜில் வைக்கவே வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் மேலே வேர்த்துக்கொண்டு நிற்கும்.

கரிசல்காரன் (இரவு 10.36)
வெல்லத்தை மாற்றாமல் என்ன செய்தாலும் அதே கதைதான். சும்மாவா எங்கள் ஊர் மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள்? கரிசல் மண் கடலை, அதற்கென்று தேர்ந்து எடுக்கிற வெல்லம், எல்லாவற்றுக்கும் மேலே தாமிரபரணித் தண்ணீர். அந்தத் தண்ணீரில் பாகு வைத்தால் வரும் ருசியே வேறு.

ரசவாதி (இரவு 10.44)
கரிசல் ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். மிட்டாய்ப் பாகில் கடைசியில் நிற்பது 1 சதவீதத் தண்ணீர் என்று இப்போதுதான் எழுதினேன். விட்ட தண்ணீரெல்லாம் ஆவியாகி அடுப்படிக் கூரைக்குப் போய்விட்டது. தாமிரபரணியாக இருந்தால் என்ன, காவிரியாக இருந்தால் என்ன?

கரிசல்காரன் (இரவு 10.49)
தண்ணீர் ஆவியாகும் தம்பி. தண்ணீரில் இருக்கிற உப்பு ஆவியாகுமா? அது சட்டியில்தானே தங்கும்? ஆழ்துளைக் கிணற்றுச் சப்பைத் தண்ணீரில் பாகு வைத்துவிட்டு வாயில் போட்டுப் பாருங்கள், அப்போது தெரியும்.

ரசவாதி (இரவு 10.53)
சரி, அது நியாயமான கேள்வி. ஆனால் கரையப் போதுமான அளவு தண்ணீர்தான் விடுகிறோம், அதில் இருக்கிற உப்பு எவ்வளவு, வெல்லத்திலேயே இருக்கிற உப்பும் தாதுவும் எவ்வளவு? ஆற்றைவிட உங்கள் ஊர்க் காற்றுதான் காரணம் என்பேன். கரிசல் பூமியில் முக்கால்வாசி வருஷம் காய்ந்த காற்று. மிட்டாய் நமக்காமல் நிற்கிறது, பேரும் நின்றுவிட்டது.

மாடத்துவிளக்கு (இரவு 10.58)
எங்கள் சாத்தூர்ப் பக்கமும் அதே காய்ந்த காற்றுதான், எங்களுக்குச் சேவுக்குத்தான் பேர், அதற்கு என்ன கணக்குச் சொல்வீர்கள்?

கரிசல்காரன் (இரவு 11.02)
சாத்தூர் சேவு பற்றித் தனி இழை போடுங்கள், வருகிறேன். இங்கே வேண்டாம்.

மிளகுத்தூக்கு (இரவு 11.05)
இரண்டு பேரும் ஆற்றில் இறங்கிவிட்டீர்கள், அந்த அம்மாவின் மிட்டாய் தட்டிலேயே கிடக்கிறது. அல்லி, வேறு ஏதாவது சேர்த்தீர்களா? எலுமிச்சை, நெய், சுக்கு, எதுவானாலும் சொல்லுங்கள்.

அல்லிக்குளம் (இரவு 11.14)
ஏலக்காய் இரண்டு. அப்புறம் சின்னப் பிள்ளைகள் சாப்பிடுவது என்பதால் நான்கு கரண்டித் தேன், பாகை இறக்கும்போது விட்டேன். அது ஒன்றும் செய்யாது இல்லையா?

ரசவாதி (இரவு 11.16)
நான்கு கரண்டித் தேன்!!

ரசவாதி (இரவு 11.22)
அம்மா, இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டாமா? தேனில் தண்ணீரே ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு, அதை இறக்கும்போது விட்டால் கொதித்துப் போக வழியே இல்லை. மீதியில் பெரும்பகுதி பழச்சர்க்கரையும் குளுக்கோஸும். பழச்சர்க்கரை ஈரத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளும். கேக் காயாமல் மெத்தென்று இருக்கத் தேன் விடுவார்களே, அதே வேலையைத்தான் உங்கள் மிட்டாயிலும் செய்திருக்கிறது. எலுமிச்சை பிழிந்தாலும் இந்தக் கதைதான், புளிப்போடு கொதிக்கும்போது சர்க்கரையில் ஒரு பங்கு உடைந்து அந்த இரண்டாகவும் மாறும்.

பழைய_கரண்டி (இரவு 11.30)
தேனெல்லாம் பிறகு. பாகு முறியும் பதத்துக்கு வந்திருந்தால் நாலு கரண்டித் தேன் என்ன செய்துவிடும்? எங்கள் வீட்டில் நாற்பது வருஷமாகச் செய்கிறோம்.

ரசவாதி (இரவு 11.33)
தேன் விட்டா?

பழைய_கரண்டி (இரவு 11.41)
தேன் விட்டு எதற்குச் செய்கிறோம்.

வாழைச்சருகு (புதன், காலை 6.20)
காலையில்தான் பார்த்தேன். கெட்டுப்போனதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் அக்கா. அடி கனமான சட்டியில் சிறு தீயில் திரும்ப இளக்கி, பொட்டுக்கடலையை மாவாக்கி ஒரு கை தூவிப் பிசைந்து, கையில் அரிசிமாவு தொட்டுச் சூட்டோடு உருண்டை பிடித்துவிடுங்கள். இழுக்கிறது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள், உருண்டை இழுத்தால் அது குற்றமில்லை. பள்ளிக்குப் புது ஈடு போடுங்கள். வாசம் வேண்டுமென்றால் சுக்குப் பொடி போடுங்கள், தேன் வேண்டாம். கடலையைப் பாகில் கொட்டுமுன் வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளுங்கள், ஆறின கடலை பட்டால் பாகு சட்டென்று இறுகித் தேய்க்க விடாது. இறக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் பாகு பூத்து, கடித்தால் மொறுமொறுவென்று விடும், ஆனால் சிட்டிகை என்றால் சிட்டிகைதான், கூடினால் சவர்க்கார வாடை வரும்.

சேமியா_சிங்கப்பூர் (காலை 7.02)
அப்புறம் பள்ளி என்பதால், தட்டுக்குப் பக்கத்தில் "நிலக்கடலை சேர்த்தது" என்று ஒரு காகிதம் ஒட்டுங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருப்பார்கள்.

மாடத்துவிளக்கு (காலை 7.15)
கடலை மிட்டாயில் நிலக்கடலை இருக்கிறது என்று எழுதி வேறு ஒட்ட வேண்டுமா, காலம் போகிற போக்கைப் பாருங்கள்.

சேமியா_சிங்கப்பூர் (காலை 7.19)
அவர் உருண்டையும் கொண்டுபோனால் பார்த்த பார்வைக்கு எள்ளா கடலையா பொட்டுக்கடலையா என்று ஐந்து வயசுப் பிள்ளைக்குத் தெரியாதே. ஒரு காகிதம்தானே அண்ணா.

மிளகுத்தூக்கு (புதன், மாலை 5.40)
அல்லி, என்ன ஆயிற்று?

மிளகுத்தூக்கு (வியாழன், பகல் 1.15)
அல்லி?

கரிசல்காரன் (வியாழன், பகல் 2.30)
காரியம் முடிந்ததும் காணாமல் போவது இங்கே வழக்கம்தானே.

அல்லிக்குளம் (வெள்ளி, இரவு 8.50)
மன்னிக்கணும், நெட் இல்லை, மழை. புதன் இரவு புதிதாகப் போட்டேன். வேறு கடையில் பாகு வெல்லம் கேட்டு வாங்கினேன். கம்பிப் பதத்துக்கு அப்புறமும் ஏழெட்டு நிமிடம் விட்டு, சொட்டைத் தண்ணீரில் போட்டு முறித்துப் பார்த்தேன். தேன் விடவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு ஃபேனுக்கு அடியில் ஆற வைத்து உடனே அடைத்தேன். கீழே போட்டால் உடைகிறது. பள்ளியில் பத்தரை மணிக்கெல்லாம் தட்டு காலி, மீதி உருண்டையை ஆசிரியைகள் எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் நன்றி. பாகு முத்தவில்லை என்று என் மாமியார் செவ்வாய்க்கிழமையே சொன்னார், அதை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை.

கரிசல்காரன் (இரவு 8.58)
பார்த்தீர்களா, வெல்லத்தை மாற்றினதும் வந்துவிட்டது.

ரசவாதி (இரவு 9.01)
தேனை நிறுத்தினதும் என்று சொல்லுங்கள்.

பழைய_கரண்டி (இரவு 9.04)
அந்த மாமியாரை இங்கே ஓர் உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள்.

சேமியா_சிங்கப்பூர் (இரவு 9.10)
நாலையும் ஒரே நாளில் மாற்றியிருக்கிறார், இனி எது காரணம் என்று யாருக்குத் தெரியப் போகிறது. அல்லி, அடுத்த முறை தேனை மட்டும் விட்டுப் பாருங்கள், எங்களுக்காக.

புதுவரவு_72 (சனி, காலை 10.12)
வணக்கம். இதே பிரச்சினை எனக்கும். பொரி உருண்டை பிடித்தால் உதிர்ந்து உதிர்ந்து போகிறது. எல்லாம் சரியாகத்தான் செய்தேன். மதியத்துக்குள் வேண்டும்.

மிளகுத்தூக்கு (காலை 10.14)
எந்தப் பொரி? வெல்லம் எவ்வளவு? எந்தப் பாகு?