25-ஆவது கோர்: மதிப்பளிக்கவா, ஒதுக்கிவைக்கவா?

கேள்வி (டர்பன், தமிழ்ப் பள்ளி ஆசிரியை)

அன்பர்களுக்கு வணக்கம். 1899-இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய போயர் போரில் காயம்பட்டோரைச் சுமந்து சென்ற நேட்டால் இந்திய அம்புலன்ஸ் கோர் (corps) என்ற குழுவைப் பற்றி வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 1,100 பேர். பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர். அவர்கள் கையில் ஸ்டிரெச்சர் இருந்ததே தவிர ஆயுதம் இல்லை. அப்போது ஒரு மாணவி, அமெரிக்க உள்நாட்டுப் போரில் கறுப்பின வீரர்களுக்கென்றே 25-ஆவது கோர் என ஒன்று இருந்ததாமே, அதுவும் இப்படிப்பட்டதுதானா என்று கேட்டாள். அது எப்படி உருவானது? அவர்களை மதிக்கவா, தனியே ஒதுக்கிவைக்கவா? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில் 1 (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

வணக்கம் அம்மா. பெயர் ஒன்றாக இருந்தாலும் இவை இரண்டும் வெவ்வேறு. நேட்டாலில் கோர் என்றது ஒரு தொண்டர் குழுவை. அமெரிக்கப் போரில் அது ரெஜிமென்ட் எனும் படைப்பிரிவுகள் பல சேர்ந்து பிரிகேடாகவும், பிரிகேடுகள் டிவிஷனாகவும், டிவிஷன்கள் ஒரே தளபதியின்கீழ் ஒன்றாகவும் சேர்ந்து, தனித்தே ஒரு போரை நடத்தக்கூடிய பெரும்படை. போர் தொடங்கியபோது அந்த நாட்டில் அப்படி ஓர் அமைப்பே இல்லை. 1862 மார்ச் 8 அன்று அதிபர் லிங்கன் பிறப்பித்த ஆணையால்தான் வட தரப்பின் போட்டோமக் சேனை கோர்களாகப் பிரிக்கப்பட்டது.

ஆகவே கோர் அமைக்கப் புதிதாக ஆள் திரட்ட வேண்டும் என்பதில்லை. இருக்கும் ரெஜிமென்ட்டுகளை வேறு எண்ணுள்ள கோரின்கீழ் மாற்றினாலே போதும். 25-ஆவது கோர் பிறந்ததும் அப்படித்தான். வர்ஜீனியாவில் ரிச்மண்டையும் பீட்டர்ஸ்பர்க்கையும் எதிர்கொண்டிருந்த, வட தரப்பின் ஜேம்ஸ் சேனையில் 10, 18 என்று இரண்டு கோர்கள் இருந்தன. 1864 டிசம்பர் 3 தேதியிட்ட ஆணை இரண்டையும் கலைத்து, வெள்ளைக் காலாட்படையினரை 24-ஆவது கோரிலும் கறுப்பினக் காலாட்படையினரை 25-ஆவது கோரிலும் சேர்த்தது. போர்க்காலம் முழுவதிலும் கறுப்பினக் காலாட்படையினருக்கென்றே அமைந்த கோர் இது ஒன்றுதான்.

பதில் 2 (சாட்ஸ்வர்த்)

தம்பி சொன்ன அந்த ஆணையை என்னால் வெறும் நிர்வாக மாற்றமாகப் பார்க்க முடியவில்லை. நிறவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின்படி எங்கள் குடும்பத்தை வேறிடத்துக்கு மாற்றியபோது நான் சிறுவன். லாரியில் ஏற்றிய அம்மிக்கல்லின் மேல் உட்கார்ந்து, பாட்டி துளசித் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தது இன்னும் கண்முன் நிற்கிறது. நிறம் பார்த்துப் பிரிக்கும் தாள் எந்த நாட்டில் எழுதப்பட்டிருந்தாலும் எனக்கு வலிக்கிறது.

ரெஜிமென்ட் அளவில் பிரிவினை முன்பே இருந்தது என்பது உண்மையே. ஆயினும் 18-ஆவது கோரில் வெள்ளை டிவிஷன்களும் கறுப்பின டிவிஷனும் ஒரே கொடியின்கீழ் இருந்தன. 1864 செப்டம்பர் 29 அன்று நியூ மார்க்கெட் ஹைட்ஸ் மேட்டைக் கைப்பற்றியது அந்தக் கறுப்பினப் படைதான், அங்கே காட்டிய வீரத்துக்காக 14 கறுப்பின வீரர்கள் அமெரிக்காவின் உயரிய வீர விருதான மெடல் ஆஃப் ஆனர் பெற்றார்கள். இத்தனைக்கும் பிறகு, இரண்டே மாதத்தில் அவர்களைத் தனியே எடுத்து வைத்தார்கள்.

சம்பளத்தையும் சொல்ல வேண்டும். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்பினச் சிப்பாய்க்கு 10 டாலர், அதிலும் 3 டாலர் உடுப்புக்குப் பிடித்தம். சிலர் குறைந்த சம்பளத்தைக் கையால் தொடவே மறுத்தார்கள். 1864 ஜூனில்தான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சமச் சம்பளத்தை ஏற்றது.

பதில் 3 (பீனிக்ஸ்)

அண்ணன் சொல்வதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அந்த வீரர்கள் அந்த எண்ணைத் தமதாக்கிக்கொண்டதையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். தளபதியாக வந்த வைட்ஸெல், 1862-இல் லூசியானாவில் கறுப்பின ரெஜிமென்ட்டுகளைத் தம்மால் நடத்த இயலாது என்று எழுதிக் கொடுத்தவர். அவரே 1865 பிப்ரவரியில் இந்தக் கோருக்குச் சதுரத்தைச் சின்னமாக அறிவித்து, நியாயமான நடத்தையைப் பெற இவர்களுக்குள்ள உரிமையை அந்த ஆணையிலேயே குறிப்பிட்டார். தொப்பியில் தைத்துக்கொள்ளும் ஒரு சிறு துணித்துண்டுதான் அது, நாற்புறமும் சமம்.

ஏப்ரல் 3 அன்று, பிரிந்துபோன தென் மாநிலத்தவரின் தலைநகரான ரிச்மண்டுக்குள் நுழைந்த படைகளில் இவர்களும் இருந்தார்கள். எரிந்துகொண்டிருந்த நகரத்தில் தீயை அணைக்கவும் உதவினார்கள். அதே கோரின் பிரிகேடுகள் சில, தென் தரப்புத் தளபதி லீயைத் துரத்தும்போது 24-ஆவது கோருடன் இணைக்கப்பட்டன. ஏப்ரல் 9 அன்று லீ சரணடைந்த அப்பொமாட்டாக்ஸில் வெள்ளைப் படையினரின் பக்கத்திலேயே அணிவகுத்து நின்றார்கள். டிசம்பரில் தாளில் பிரித்ததைக் களத்தின் அவசரம் நான்கே மாதத்தில் சேர்த்துவிட்டது.

மாணவியிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள் அக்கா. போர் முடிந்ததும் இவர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. மெக்சிகோவில் பிரெஞ்சுப் படை இருந்த காரணத்தால் கப்பலேற்றி டெக்ஸஸ் எல்லைக்கு அனுப்பினார்கள். அங்கே காய்கறி கிடைக்காமல் ஸ்கர்வி நோயால் பலர் இறந்தார்கள். கோர் கலைக்கப்பட்டது 1866 ஜனவரி 8 அன்று.